முதல் பந்தை வீசியவருக்கு ஓர் இடம்: கூப்பர்ஸ்டவுன் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கும் தேசிய பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்கு, 1980க்கு முந்தைய ஆட்டக்காரர்களில் யார் யார் பெயரைப் பரிசீலனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் உங்களை நியமிக்கிறது. நீங்கள் எட்டுப் பெயரைத் தேர்ந்து கொடுக்கிறீர்கள். 16 பேர் கொண்ட இன்னொரு குழு அந்த எட்டுக்குள் மட்டும் வாக்களிக்கிறது. 12 வாக்கு கிடைத்தவருக்கு மண்டபத்தில் வெண்கலப் பலகை. ஆக, உங்கள் பட்டியலில் வராத ஒருவருக்குக் கதவு திறக்க வழியே கிடையாது. அடுத்த வாக்கெடுப்பு 2027 டிசம்பரில். அந்த எட்டுப் பெயரில் ஒன்றாக, 1870களிலும் 80களிலும் பந்து வீசிய பாபி மேத்யூஸ் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்கு அஞ்சலில் வரும். தமிழில் இதைப் பொதுவில் வைப்பது, கிரிக்கெட்டில் ஊறி வளர்ந்து பிறகு பேஸ்பாலின் பழைய ஸ்கோர் புத்தகங்களுக்குள் விழுந்துவிட்ட என்னைப் போன்ற தமிழர்களும் இந்தக் கோரிக்கையைப் படித்து, சரி என்று பட்டால் சேர்ந்து கேட்க வேண்டும் என்பதற்காக. அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களை நான் விளக்கிக்கொண்டு போவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1871 மே 4. இண்டியானா மாநிலம், ஃபோர்ட் வெய்ன். அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் சம்பளம் வாங்கி ஆடும் அணிகள் கூடி 'நேஷனல் அசோசியேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தன. உலகத்தின் முதல் தொழில்முறை பேஸ்பால் லீக் அது. முதல் ஆட்டம் தலைநகர் வாஷிங்டனில் நடந்திருக்க வேண்டும். மழையால் அது தள்ளிப்போனது. அப்படியாக அந்தப் பெருமை சின்ன ஊரான ஃபோர்ட் வெய்னின் மடியில் வந்து விழுந்தது. உள்ளூர் அணியின் பெயர் கெகியோங்கா. எதிரணி, கிளீவ்லாந்தின் ஃபாரஸ்ட் சிட்டி. வானம் மூட்டமாக இருந்ததால் பார்க்க வந்தவர்கள் 200 பேர் அளவில்தான்.

கிளீவ்லாந்து முதலில் பேட் செய்தது. கெகியோங்காவுக்காகப் பந்தோடு நின்றவர் பால்டிமோரிலிருந்து வந்த 19 வயதுப் பையன். உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 140 பவுண்டு. தொழில்முறை லீக் வரலாற்றின் முதல் பந்தை வீசியது அந்தப் பையன், பாபி மேத்யூஸ். எதிரே பேட்டோடு நின்றவர் டீக்கன் ஒயிட். ஒயிட் அடித்தார், இரண்டாவது பேஸ் வரைக்கும், அதாவது ரன்னுக்கான பாதையின் இரண்டாவது நிறுத்தம் வரைக்கும், ஓடினார். லீக்கின் முதல் ஹிட் அது. அடுத்து வந்த கிம்பால் அடித்த பந்தைப் பிடித்த டாம் கேரி, பேஸை விட்டு விலகியிருந்த ஒயிட்டையும் தானே அவுட் ஆக்கினார். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் கெகியோங்காவின் கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) லென்னன் ஒரு ரன் எடுத்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் மழை வந்து ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 2-0. கிளீவ்லாந்துக்கு ஒரு ரன்னும் இல்லை.

இன்றைய கண்ணுக்கு 2-0 சாதாரணமாகத் தெரியும். அன்று அது நம்ப முடியாத ஸ்கோர். கையுறை கிடையாது. மைதானம் மேடு பள்ளம். ஃபீல்டர்கள் வெறும் கையில் பிடித்து, தவறவிட்டு, மறுபடி எடுத்து எறிந்து ஆடிய காலம். 20 ரன், 30 ரன் என்று அணிகள் குவித்துக்கொண்டிருந்தன. மறுநாளே வாஷிங்டனில் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள்: பாஸ்டன் 20, உள்ளூர் அணியான ஒலிம்பிக்ஸ் 18. வென்ற பாஸ்டனின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஆல்பர்ட் ஸ்பால்டிங். உங்கள் மண்டபத்தில் 1939லேயே அவருக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

டீக்கன் ஒயிட்டுக்கும் 2013ல் இடம் கிடைத்தது. இறந்து 74 ஆண்டுகள் கழித்து வந்த நீதி என்றாலும், வந்தது. முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்த முதல் பந்தை எதிர்கொண்டவர் உள்ளே இருக்கிறார், வீசியவர் வெளியே நிற்கிறார். இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து இடம் கேட்கவில்லை. மேத்யூஸ் 1871லிருந்து 1887 வரை வீசினார். 1878, 1880 இரண்டு ஆண்டும் பெரிய லீக்குகளில் அவர் இல்லை. மற்ற எல்லா ஆண்டும் ஏதோ ஒரு அணிக்காகப் பந்து அவர் கையில் இருந்தது. மொத்தம் 297 வெற்றி, 248 தோல்வி. 1,500க்கும் மேற்பட்ட பேட்டர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்திருக்கிறார், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் வெளியேற்றியிருக்கிறார்.

பேஸ்பால் பழக்கமில்லாத தமிழ் வாசகருக்கு 297 என்ற எண்ணின் கனம் புரிய வேண்டும். ஒரு ஆட்டத்தின் வெற்றியை அணியின் ஒரே ஒரு பிட்சரின் கணக்கில் எழுதுவது பேஸ்பால் வழக்கம். 300 வெற்றி என்பது, டெஸ்ட் கிரிக்கெட்டில் 10,000 ரன் மாதிரி, சொன்னதும் எழுந்து நிற்க வைக்கும் எல்லைக்கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியவர்களில் ராஜர் கிளெமன்ஸ் ஒருவர்தான் மண்டபத்துக்கு வெளியே இருக்கிறார். அவர் வெளியே இருப்பதற்கான காரணம் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு. அவரை விட்டுவிட்டால், வெளியே நிற்கும் பிட்சர்களில் அதிக வெற்றி மேத்யூஸ் கணக்கில்தான். கோட்டுக்கு மூன்று குறைவு.

அந்த வெற்றிகள் எப்படி வந்தன என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் நீட்டினால் அவருக்கு நியாயம் செய்தது ஆகாது. 1870களில் ஒரு அணிக்கு ஒரு பிட்சர்தான். இன்று ஆடினால் நாளை ஓய்வு என்ற பேச்சே இல்லை. 1872ல் சொந்த ஊரின் லார்ட் பால்டிமோர் அணிக்கு 25 வெற்றி. 1873ல் நியூயார்க் மியூச்சுவல்ஸுக்கு மாறினார். மியூச்சுவல்ஸ் 1874ல் 42 ஆட்டம் வென்றது, அந்த 42ம் மேத்யூஸ் கணக்கு. 1875ல் 600 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். இன்று ஒரு பிட்சர் ஒரு சீசனில் 200 இன்னிங்ஸைத் தொட்டாலே செய்தி. 1876ல் நேஷனல் லீக் பிறந்தபோது மியூச்சுவல்ஸ் அதில் சேர்ந்தது. அந்த ஆண்டு அணி வென்றது 21. மறுபடியும் 21ம் அவருடையது. 140 பவுண்டு உடம்பு அது.

வீசிய விதமும் இன்றைய விதம் அல்ல. பேட்டருக்கு 45 அடி தூரத்தில், தரையில் கோடு போட்ட கட்டத்துக்குள் நின்று, கையை இடுப்புக்குக் கீழே வைத்துத்தான் வீச வேண்டும். அதுவும் முன்பு மணிக்கட்டை மடக்காமல் வீச வேண்டும் என்று இருந்தது. 1872ல் மணிக்கட்டைச் சுழற்ற விதி இடம் கொடுத்தது. பேட்டர் தனக்குப் பந்து உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று அம்பயரிடம் கேட்டுப் பெறலாம். 1887ல் அந்தச் சலுகை போகும்வரை பிட்சர் அந்த எல்லைக்குள் வீசியாக வேண்டும். கேட்ட இடத்தில் பந்தைக் கொடுத்தபடியே ஏமாற்றவும் வேண்டும் என்றால் கையில் என்ன வித்தை இருந்திருக்க வேண்டும்!

மேத்யூஸிடம் வேகம் பெரிதாக இல்லை. அவருடைய ஆயுதம் பந்தின் வளைவும், பேட்டரின் மனதைப் படிப்பதும். வளைந்து போகும் பந்தை, அதாவது கர்வ் பாலை, கண்டுபிடித்தவர் என்று உங்கள் மண்டபம் கேண்டி கம்மிங்ஸுக்கு 1939ல் இடம் கொடுத்தது. 1870களின் தொடக்கத்தில் அதைக் கைக்குள் கொண்டுவந்த மிகச் சில பிட்சர்களில் மேத்யூஸ் ஒருவர். கம்மிங்ஸ் வீசுவதைப் பார்த்துப் பார்த்தே அவர் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். 1873ல் நடந்த இடமாற்றம் எனக்குப் பிடித்த ஒன்று. மியூச்சுவல்ஸில் இருந்த கம்மிங்ஸ் பால்டிமோருக்குப் போனார், பால்டிமோரில் இருந்த மேத்யூஸ் மியூச்சுவல்ஸுக்கு வந்தார். கர்வ் பால் தெரிந்த இருவர் ஒருவர் நாற்காலியில் மற்றவர் உட்கார்ந்தார்கள்.

இன்னொன்றும் பழைய ஆட்டக்காரர்களின் நினைவுகளில் வருகிறது. மேத்யூஸ் பந்தின் ஒரு பக்கத்தை விரலால் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுக்கும்படி செய்வார், அதில் எச்சிலைத் தடவி வீசுவார் என்கிறார்கள். அப்படி வீசிய பந்து போகும் திசையைப் பேட்டரால் ஊகிக்க முடியாது. இந்த உத்தி 'ஸ்பிட் பால்' என்ற பெயரில் பெரிய புயலைக் கிளப்பியதும், 1920ல் தடை செய்யப்பட்டதும் வெகு பின்னால். பந்தின் ஒரு பக்கத்தைக் கால்சட்டையில் தேய்த்துப் பளபளப்பாக்கும் கிரிக்கெட் பந்துவீச்சாளர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த 5 அடி 5 அங்குல மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது சொல்லாமலே விளங்கும்.

1877ல் சின்சினாட்டியில் 3 வெற்றி, 12 தோல்வி. மனிதர் முடிந்துபோனார் என்று எழுதிவிடக்கூடிய நிலை. 1879ல் பிராவிடன்ஸ் அணி நேஷனல் லீக் பட்டம் வென்றபோது இளைஞர் ஜான் மாண்ட்கோமரி வார்டுக்குத் துணையாக நின்று 12 வெற்றி சேர்த்தார். 1881ல் மறுபடி அங்கேதான், அப்போது ஓல்ட் ஹாஸ் ராட்போர்னும் அதே அணிக்கு வந்திருந்தார். வார்டும் ராட்போர்னும் உங்கள் மண்டபத்தில் இருக்கிறார்கள். அதே ஆண்டு பாஸ்டனுக்கு மாறி, 1882ல் 19 வெற்றி.

பிறகு வந்தது யாரும் எதிர்பார்க்காத காலம். 1883ல் அமெரிக்கன் அசோசியேஷன் லீக்கின் பிலடெல்ஃபியா அத்லெடிக்ஸில் சேர்ந்தபோது வயது 31. அன்றைய பிட்சருக்கு அது கிழட்டு வயது. அவர் பழகிய 45 அடி தூரம் 50 அடியாகியிருந்தது. இடுப்புக்குக் கீழே வீசிய காலம் போய்க் கை தோள் உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. கற்ற வித்தையை மாற்றிக் கற்க வேண்டிய நிலையில் அவர் எடுத்தது: 1883ல் 30 வெற்றி, 1884ல் 30, 1885ல் 30. 1883ல் அத்லெடிக்ஸ் செயின்ட் லூயிஸை ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் முந்திப் பட்டம் வென்றது. பிலடெல்ஃபியா தெருக்களில் ஊர்வலம் வைத்து வரவேற்றார்கள். ஒரு ஆட்ட வித்தியாசத்தில் வென்ற அணியில் 30 வெற்றி யாருடையது என்பதை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு ஆண்டில் 13ம் 3ம் சேர்ந்தன. 1887ல் முடிந்தது. கொஞ்ச காலம் அம்பயராக நின்றார். 1898 ஏப்ரல் 17ல் பால்டிமோரில் காலமானார், 46 வயது. கடைசி நாட்களில் உடம்பும் மனமும் இரண்டுமே அவரைக் கைவிட்டிருந்தன. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

இனி சிக்கலுக்கு வருகிறேன். இத்தனை இருந்தும் உங்கள் பட்டியல்களில் அவர் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் 1969ல் நடந்த ஒன்று என்று நம்புகிறேன். முதல் பெரிய பேஸ்பால் கலைக்களஞ்சியம் வெளிவரும் நேரம் அது. எந்த லீக்கெல்லாம் 'மேஜர் லீக்', அதாவது உயர்மட்ட லீக், என்று தீர்மானிக்க ஒரு பதிவுக் குழுவை அமைத்தார்கள். ஆறு லீக்கை ஏற்றார்கள். நேஷனல் அசோசியேஷனைத் தள்ளினார்கள். ஆட்ட அட்டவணையும் நடைமுறையும் ஒழுங்காக இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஒரு தீர்ப்பில் மேத்யூஸின் 131 வெற்றி கணக்கிலிருந்து கழிந்தது. 297 இருந்த இடத்தில் 166 நிற்கிறது. ஃபோர்ட் வெய்னின் அந்த 2-0 ஆட்டமும் மேஜர் லீக் கணக்கில் நடக்காத ஆட்டமாகிவிட்டது.

அசோசியேஷனில் குறைகள் இருந்தன என்பதை மறைத்துப் பேச மாட்டேன். சேர்வதற்குக் கட்டணம் வெறும் பத்து டாலர். அட்டவணையை அணிகளே பேசி வைத்துக்கொண்டன. சீசன் நடுவே கடையைக் கட்டிய அணிகள் பல. மேத்யூஸின் கெகியோங்காவே முதல் சீசனைத் தாண்டவில்லை. 1875ல் கியோகக் என்ற ஊரின் அணி 13 ஆட்டத்தோடு முடித்துக்கொண்டது.

இதே அளவுகோலை மற்றவர்களுக்கும் வைத்தார்களா? அந்தக் குழு ஏற்றுக்கொண்ட ஆறில் ஒன்று 1884ன் யூனியன் அசோசியேஷன். ஒரே ஒரு ஆண்டு உயிரோடு இருந்த லீக். அதில் செயின்ட் லூயிஸ் 94 ஆட்டம் வென்று 19 தோற்றது. வில்மிங்டன் 2 வென்று 16 தோற்று மூட்டை கட்டியது. செயின்ட் பால் அணி சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த லீக்கின் ஒவ்வொரு வெற்றியும் மேஜர் லீக் வெற்றி. ஐந்து ஆண்டு நடந்து, நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அனைவரும் ஆடிய நேஷனல் அசோசியேஷனின் வெற்றி கணக்கில் வராது. 1876ல் நேஷனல் லீக்கைத் தொடங்கிய எட்டு அணிகளில் ஆறு இங்கிருந்து போனவை. இன்றைய சிகாகோ கப்ஸும் அட்லாண்டா பிரேவ்ஸும் தங்கள் வேரை 1871ன் அசோசியேஷன் அணிகளில்தான் காட்டுகின்றன. பிரேவ்ஸ் அன்று பாஸ்டனில் இருந்தது, ஸ்பால்டிங் வீசிய அதே அணி. அணிகளின் வயதை 1871லிருந்து எண்ணுகிறார்கள், ஆட்டக்காரரின் வெற்றியை 1876லிருந்து எண்ணுகிறார்கள். எனக்கு இது பிடிபடவே இல்லை.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது புதிய கேள்வியல்ல. 1877 மார்ச்சில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவும் லில்லிவைட்டின் இங்கிலாந்துச் சுற்றுப்பயண அணியும் மோதியபோது, தாங்கள் முதல் டெஸ்ட் ஆடுகிறோம் என்று களத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. 1894ல் கிளாரன்ஸ் மூடி என்ற அடிலெய்ட் பத்திரிகையாளர் பழைய ஆட்டங்களைத் தேடி எடுத்து ஒரு பட்டியல் போட்டார். அதை உலகம் ஏற்றது. 1889ல் தென்னாப்பிரிக்காவில் ஆடிய இங்கிலாந்து அணியை முழு பலம் கொண்ட அணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரணியோ இன்னும் பலவீனம். ஆனாலும் கேப் டவுனில் ஜானி பிரிக்ஸ் 28 ரன்னுக்கு 15 விக்கெட் எடுத்தது டெஸ்ட் புத்தகத்தில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அன்று இருந்தது அவ்வளவுதான், அதில் அவர் செய்தது இவ்வளவு என்று கிரிக்கெட் ஏற்றுக்கொண்டது.

பேஸ்பாலுக்கும் அந்தப் பெருந்தன்மை இல்லாமல் இல்லை. 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் 1920 முதல் 1948 வரையிலான, கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடிய ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் என்று அறிவித்தது. 2024ல் அவற்றின் புள்ளிவிவரங்களைப் பதிவேட்டில் சேர்த்தது. நிறவெறியால் விளைந்த அந்த அநியாயத்தையும் மேத்யூஸ் கதையையும் ஒரே தட்டில் வைக்கிற எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. இரண்டும் வேறு, முதலாவதன் வலி பல மடங்கு பெரியது. 1969ன் தீர்ப்பைத் திருத்த முடியும், திருத்தினால் ஆட்டத்துக்கு மரியாதை கூடும் என்பதை அந்த முடிவு காட்டிவிட்டது என்பதற்காக மட்டும் இங்கே சொல்கிறேன்.

உங்களில் சிலர் கேட்கப்போகும் எதிர்க்கேள்வியும் தெரியும். 248 தோல்வி இல்லையா? சக பிட்சர்களோடு ஒப்பிடும் இன்றைய அளவீடுகளில் அவர் சராசரிக்குச் சற்று மேலே மட்டும்தானே நிற்கிறார்? உண்மைதான். 1870களின் மிகச் சிறந்த பிட்சர் மேத்யூஸ் என்று நான் வாதாட மாட்டேன். அது ஸ்பால்டிங். ஆனால் 1872லிருந்து 1875 வரை நான்கு பட்டத்தையும் அள்ளிய பாஸ்டன் அணி அவர் பின்னால் நின்றது. மேத்யூஸ் 1873லிருந்து மியூச்சுவல்ஸை இழுத்துக்கொண்டு போனார். 1874ல் பாஸ்டனுக்கு அடுத்த இடத்துக்கே கொண்டு வந்தார். 1876 இறுதியில் கடைசிச் சுற்றுப்பயணத்துக்குப் போக மறுத்ததற்காக லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்ட அணி அது. அப்படிப்பட்ட நிர்வாகத்தின் கீழே ஆடிச் சேர்ந்த தோல்விகள் அவை. தோற்ற ஆட்டமானாலும் மறுநாள் பந்தை எடுக்க அவரை விட்டால் ஆள் இல்லை.

மேலும், ஒப்பீட்டு அளவீடு ஒரு பக்கம்தான் காட்டும். நேஷனல் அசோசியேஷனில் 131, நேஷனல் லீக்கில் 60, அமெரிக்கன் அசோசியேஷனில் 106. மூன்று லீக், மூன்று விதமான விதிகள், இரண்டு வேறு தூரங்கள், இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறிய கை. கம்மிங்ஸின் கதையைப் பாருங்கள். அவருடைய 145 வெற்றியில் 124 நேஷனல் அசோசியேஷனில் வந்தவை. 1877ஓடு அவர் ஆட்டம் நின்றது. அவரை முன்னோடி என்ற பிரிவில் ஏற்றீர்கள், சரியான முடிவு. அதே முன்னோடிக் காலத்தில் தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தன்னை மாற்றிக்கொண்டு பத்து ஆண்டு கூடுதலாக நின்றவரை எந்தப் பிரிவில் வைப்பீர்கள்?

விதி என்று பார்த்தாலும் தடை எதுவும் இல்லை. ஒருவர் பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அசோசியேஷனின் ஐந்து ஆண்டை நீங்கள் சேர்க்காவிட்டாலும் 1876லிருந்து 1887க்குள் அவருக்குச் சரியாகப் பத்து சீசன் இருக்கிறது.

2024 டிசம்பரில் உங்கள் பட்டியலில் இருந்த எட்டுப் பேரும் இருபதாம் நூற்றாண்டுக்காரர்கள். டிக் ஆலனும் டேவ் பார்க்கரும் தேர்வானார்கள். இருவருமே நெடுங்காலம் காத்திருந்தவர்கள், அவர்கள் வெற்றியில் எனக்கு முழு மகிழ்ச்சி. என் கவலை அமைப்பைப் பற்றியது. 2021 வரை ஆரம்ப காலத்துக்கென்று தனிக் குழு இருந்தது. கூப்பர்ஸ்டவுனிலேயே வளர்ந்த முன்னோடிக் கறுப்பின ஆட்டக்காரர் பட் ஃபவுலருக்கு நூறாண்டு கடந்து இடம் கிடைத்தது அந்தக் குழுவால். 2022ல் அதை எடுத்துவிட்டு 1871லிருந்து 1979 வரை அத்தனை பேரையும் எட்டு நாற்காலிக்குள் திணித்துவிட்டார்கள். 1970களின் ஆட்டக்காரர்களை நேரில் பார்த்தவர்கள் வாக்காளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேச மகனும் மகளும் பழைய நண்பர்களும் இருக்கிறார்கள். 1898ல் இறந்தவருக்காகப் பேச பழைய ஸ்கோர் புத்தகத்தைத் தவிர யார் இருக்கிறார்கள்? எட்டில் ஒரு இடத்தையாவது 1900க்கு முந்தைய ஒருவருக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒதுக்குங்கள். மேத்யூஸோடு சேர்த்து நான் கேட்பது இது ஒன்றுதான்.

பால்டிமோரின் நியூ கதீட்ரல் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜான் மெக்ரா, வில்பர்ட் ராபின்சன், ஜோ கெல்லி, நெட் ஹான்லன் என்று உங்கள் மண்டபத்தைச் சேர்ந்த நான்கு பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். 1890களின் பால்டிமோர் ஓரியோல்ஸின் பெரிய பெயர்கள். பேஸ்பால் ரசிகர்கள் தேடிப்போய்ப் பார்க்கிற இடம். பாபி மேத்யூஸும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். அந்த நால்வருக்கும் முன்பே அந்த நகரத்திலிருந்து புறப்பட்டுப் போய் முதல் லீக்கின் முதல் பந்தை வீசியவர் அவர்.

2027 டிசம்பருக்கு முன் நீங்கள் கூடுகிற கூட்டத்தில் அவர் பெயரை எடுத்துப் பேசுங்கள். அவருடைய 131 வெற்றியை மேஜர் லீக் கணக்கில் சேர்க்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது தெரியும். அதைப் பொருட்படுத்தாமல் மனிதரை மதிப்பிடும் அதிகாரம் இருக்கிறது. கம்மிங்ஸ் விஷயத்தில் உங்கள் முன்னோர்கள் அதைத்தான் செய்தார்கள். 16 பேர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அது வேறு, ஏற்றுக்கொள்கிறேன். அவர்கள் பார்வைக்கே போகாமல் இருப்பதை ஏற்க முடியவில்லை. ஆலோசித்த பிறகும் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று முடிவானால், எந்தக் காரணத்தால் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். 1969ன் தீர்ப்புதான் காரணம் என்றால் அதையும் எழுதுங்கள். அடுத்த கேள்வியை மேஜர் லீக் ஆணையர் அலுவலகத்திடம் கொண்டுபோக எங்களுக்கு அது உதவும்.

நன்றியுடனும் மரியாதையுடனும்,
பழைய ஸ்கோர் புத்தகங்களின் தமிழ் வாசகன் ஒருவன்